அத்தானுக்கு இன்னொரு ஜோடி

கேள்வி: எனக்கு 62 வயது, சொந்த ஊர் திருச்சி. ஐந்து வருடமாகக் கனடாவில், ஸ்கார்பரோவில் மகளோடு இருக்கிறேன். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கப் பிடிக்காமல் சாக்ஸ் பின்னக் கற்றுக்கொண்டேன். போன வருடம் ஊருக்குப் போனபோது ஆளுக்கொன்றாக 11 ஜோடி கொண்டுபோனேன். தம்பி மனைவி, "மூணு ஜோடி நூறு ரூபாய்க்குக் கடையில கிடைக்குதே அண்ணி, எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்றாள். சம்பந்தியம்மா வாஷிங் மெஷினில் போட, பொம்மைக்கு மாட்டுகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இங்கே மருமகன் ஒரே நாள் போட்டுவிட்டு, அரிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அக்கா வீட்டு அத்தான் மட்டும் (76 வயது, சர்க்கரை உண்டு) "ராத்திரி கால் ஜில்லுன்னு ஆயிடுது, இன்னொரு ஜோடி கிடைக்குமா?" என்று போனில் கேட்டார். பேசாமல் இதை விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பின்னுவதை விட வேண்டாம். திருச்சிக்குப் பின்னுவதை விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற ஊரில் கம்பளி சாக்ஸைக் கையில் கொடுத்தால் அவர் வேறு என்ன சொல்வார்? சுற்றுக்கு 64 ஸ்டிச், சுமார் 150 சுற்று என்றால் ஒரு காலுக்கே பத்தாயிரம் ஸ்டிச் பக்கம் வரும். அந்தக் கணக்கு பின்னியவளுக்குத்தான் தெரியும். வாங்கியவருக்குக் கண்ணில் படுவது ஒரு சாக்ஸ், அவ்வளவுதான். நானும் குன்னூரில் இருந்த காலத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேன். அதில் ஒன்று மதுரையில் கிரைண்டருக்கு உறையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான், கேட்காதவர்களுக்குப் பின்னுவதை நிறுத்தினேன்.

சுருங்கிய ஜோடிக்கு நூலும் ஒரு காரணம். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, மெஷினின் புரட்டல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அப்புறம் அது பிரியாது. நூல் உருண்டையின் சீட்டில் 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் அந்தச் செதில்களை முன்பே மழுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாக்ஸுக்கென்றே விற்கும் நூல் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். 100 கிராம் உருண்டையில் 400 மீட்டர் அளவுக்கு நூல் இருக்கும், பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி தாராளமாக வரும். குதிகால் சீக்கிரம் தேயாமல் காப்பாற்றுவது அந்த நைலான்தான். வெறும் கம்பளியில் பின்னியது கைக்கு மெத்தென்று இருக்கும், உழைக்காது.

மருமகனுக்கு அரித்ததற்குக் காரணம் முரட்டு இழையாக இருக்கலாம். 30 மைக்ரானுக்கு மேல் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடித்த இழைதான் தோலைக் குத்தும். மெரினோ என்ற வகை ஆட்டின் கம்பளி அதைவிட மெல்லியது. அந்த வீட்டில் குளிர் நிஜம் என்பதால் அவருக்கு மெரினோவில் ஒரு தடவை முயன்று பாருங்கள். அதற்கும் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், மருமகனோடு சாக்ஸுக்காக மல்லுக்கட்ட முடியாது.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. திருச்சியில் ஒருவருக்கு ராத்திரி கால் ஜில்லென்று ஆகிறது, சர்க்கரையும் இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலும் அப்படி இருக்கும், நரம்பு பாதித்தாலும் அப்படித் தோன்றும். இன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, பாதத்தைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அதுவரை வெந்நீர்ப் பை எதுவும் காலடியில் வைக்க வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

டாக்டர் சரி என்றால் தாராளமாகப் பின்னுங்கள். ஆனால் மற்றவர்களுக்குப் பின்னியது போல் வேண்டாம். 'கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்' என்று, வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைக்கிற வழக்கத்தில் நாம் சாக்ஸையும் பெரிதாகப் பின்னிவிடுகிறோம். சாக்ஸ் காலைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், இழுபட்டுத்தான் அது காலில் நிற்கும். பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம் என்றால் 8 அங்குலத்துக்குப் பின்னுங்கள். அங்குலத்துக்கு 8 ஸ்டிச் விழுந்தால் 64. பெரிதாகப் பின்னினால் உள்ளே மடிப்பு விழும். நமக்கு அது உறுத்தும், எடுத்துவிட்டுக்கொள்வோம். உணர்வு குறைந்த காலுக்கு அந்த மடிப்பே புண்ணாகும். அக்காவை விட்டு, அத்தானை ஒரு காகிதத்தில் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றளவை டேப்பால் அளக்கட்டும்.

மேல் விளிம்பு மட்டும் தளர்வாக இருக்கட்டும். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து முதல் வரிசையை ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிடுங்கள். போட்டுக் கழற்றும்போது கெண்டைக்காலில் தடம் பதிந்திருந்தால் அது இறுக்கம், பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள். விரல் முனையைத் தைத்து மூடாதீர்கள். அங்கே தழும்பு போல ஒரு மேடு நிற்கும். எதிரெதிர் ஸ்டிச்சுகளைத் தையல் ஊசியால் கோத்து மூடுகிற முறையைக் கற்றுக்கொண்டபோது சொல்லித் தந்திருப்பார்களே, அதுதான் இங்கே வேண்டும். உள்ளே ஒரு முடிச்சுகூட வேண்டாம். நிறம் வெள்ளையோ சந்தனமோ இருக்கட்டும், எங்காவது புண் கசிந்தால் உடனே கண்ணில் படும்.

டைல்ஸ் தரையில் இந்த சாக்ஸ் வழுக்கும். கட்டிலில் மட்டும் போடட்டும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் கழற்றிவிட்டு நடக்கட்டும். அதைச் செய்ய மாட்டார் என்று தோன்றினால் அடியில் வழுக்காத சிலிக்கோன் புள்ளிகள் வைத்துக் கொடுங்கள்.

"செருப்பு மாட்ட முடியலையே" என்று யாராவது கேட்டால் ஒரு சங்கதி சொல்லலாம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த சிவப்புக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. 1,600 ஆண்டுகளுக்குக் குறையாத பழசு. செருப்போடு போடுவதற்காகக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். ஒற்றை ஊசி வேலை அது, நம் முறைப் பின்னல் இல்லை. நீங்கள் அதற்குள் இறங்க வேண்டாம், அத்தானுக்குத் தூங்கத்தானே சாக்ஸ்.

ஒரு கால் முடிந்த அன்றைக்கே மறுகாலை ஊசியில் ஏற்றிவிடுங்கள். நாளை என்று வைத்தால் ஒற்றைச் சாக்ஸாகவே அலமாரியில் கிடக்கும், என்னிடம் மூன்று இருக்கிறது. குதிகால் தேய்ந்தால் அவருக்கு இழை ஓட்டிக் கொடுக்காதீர்கள், உள்ளே மேடு தட்டும். தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் புதிதாகப் பின்னுங்கள். எப்படியும் அவர் இன்னொரு ஜோடி கேட்கத்தான் போகிறார்.