விந்தக நீக்கத்தை மட்டும் முதலில் செய்துகொள்ளலாமா?

தோழி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையால் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழவேண்டியிருப்பதாகவும், பெண்குறி அமைக்கும் அறுவை சிகிச்சை பற்றி இன்னும் முடிவெடுக்காத நிலையில் விந்தகங்களை மட்டும் இப்போது அகற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக அகற்றிக்கொள்ளலாம். டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி விந்தகங்களில்தான் சுரக்கிறது என்பதால், அவற்றை அகற்றியதும் அதன் அளவு வெகுவாகக் குறைந்து, அதைத் தடுக்கும் மாத்திரை பொதுவாகத் தேவையற்றதாகிவிடும். நிறுத்தும் நாளை மட்டும் மருத்துவரே சொல்லட்டும். ஆனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கைவிடக் கூடாது. இரண்டு ஹார்மோன்களும் இல்லாத உடலில் எலும்பு அடர்த்தி குறையும், சோர்வும் உடல் வெப்ப அலைகளும் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றே என் பார்வையில் முக்கியமானது. பிற்காலத்தில் பெண்குறி அமைக்க விதைப்பைத் தோலும் பயன்படக்கூடும்; விந்தகங்கள் இல்லாத நிலையில் அது காலப்போக்கில் சுருங்கலாம். ஆகவே அந்த வாய்ப்பைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள் என்பதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, தோலை அகற்றாமல் நடுக்கோட்டில் கீறல் போட முடியுமா என்று கேளுங்கள்.

குழந்தைப் பேறு குறித்துச் சிறிதேனும் தயக்கமிருந்தால், விந்தணுவை முன்பே உறைய வைத்துச் சேமிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் விந்தணு உற்பத்தியைக் குறைப்பதால், அதற்காகச் சில மாதங்கள் அதை நிறுத்திவைக்க நேரலாம் (எளிதான காரியமல்ல). 2022இல் வெளியான உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு வழிகாட்டி, ஹார்மோன் எடுக்க விரும்புவோர் குறைந்தது 6 மாதங்கள் அதை எடுத்த பிறகே விந்தக நீக்கத்தைப் பரிந்துரைக்கிறது.

அதுவரை, மாலை வேளை மாத்திரையை முன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.