கனடாவின் புள்ளி முறைக் குடியேற்றம் என்றால் என்ன? ஏன் அப்படி ஒரு முறை?

குடியேற விரும்புவோரின் வயது, படிப்பு, மொழித்திறன், பணி அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அதை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பதுதான் புள்ளி முறை. 1967-இல் கனடா இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒருவர் எந்த நாட்டில் பிறந்தவர் என்பதே பெரிதாகப் பார்க்கப்பட்டது. அந்த அநீதி சட்டத்திலிருந்து விலகியது உண்மையிலேயே பெரிய மாற்றம்.

இந்த முறை இன்றும் தொடர ஒரு காரணம் மக்கள்தொகையில் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்திலிருந்தே கனடாவின் பிறப்பு விகிதம், மக்கள்தொகை குறையாமலிருக்கத் தேவையான, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் என்ற அளவுக்குக் கீழே இருக்கிறது. ஓய்வு பெறுவோர் பெருகும்போது, அவர்களுடைய ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் வரி கட்ட இளையவர்கள் வேண்டும். அதனால்தான் விண்ணப்பித்தவர்களைப் புள்ளிப்படி வரிசைப்படுத்தி மேலே இருப்பவர்களை அழைக்கும், 2015-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறையில் 20 முதல் 29 வயதுக்கு முழுப் புள்ளி. 45 ஆனால் வயதுக்குப் புள்ளியே இல்லை.

சரி, எத்தனை புள்ளி எடுத்தால் போதும்? நிலையான எண் கிடையாது. கல்லூரிச் சேர்க்கையின் கட்-ஆஃப் போலத்தான்: உங்கள் மதிப்பெண் மாறாவிட்டாலும், உடன் விண்ணப்பித்தவர்களைப் பொறுத்து எல்லைக்கோடு ஏறும், இறங்கும். அப்புறம், 2023 முதல் மருத்துவத் துறை, தச்சு, மின்பணி போன்ற கைத்தொழில், பிரெஞ்சு மொழித்திறன் எனத் தனிப்பிரிவு அழைப்புகளும் உண்டு. ஆள் பற்றாக்குறையை நேரடியாகக் குறிவைக்கும் இந்த வழி எனக்கு நியாயமாகவே படுகிறது.

அதிகப் புள்ளி கிடைத்தால் அதே துறையில் வேலை உறுதி என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, நிரந்தரமாக வசிக்கும் உரிமை மத்திய அரசு தருவது, மருத்துவராகவோ செவிலியராகவோ பணிபுரியும் உரிமத்தை அந்தந்த மாகாணத்தில் தனியாகப் பெற வேண்டும்.