1932ஆம் வருடப் பத்திரம்: எழும்பூரில் கிடைக்குமா?

வணக்கம் சார். ராயபுரம் வீட்டின் 1932 கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகல் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அங்கே அலையாதீர்கள்.

பதிவான பத்திரத்தை 1908 பதிவுச் சட்டப்படி வீடு, நிலப் பத்திரங்களுக்கான ‘1ஆம் புத்தகம்’ என்ற பதிவேட்டில் நகலெடுத்து வைத்திருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுச் சான்றிட்ட நகல் கேளுங்கள். ஆவண எண் தெரியாவிட்டால், வாங்கியவர் பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடச் சொல்லலாம்.

காப்பகம் வேறு ரகம். 1909இல் எழுந்த சிவப்புக் கட்டடம். அன்று மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ். கிழக்கிந்தியக் கும்பெனி காலம் தொட்டு அரசு எழுதிய கோப்புகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசாணைகள், கெஜட்டுகள் இருக்கும். தனியார் பத்திரத்தை அங்கே தேடுவது மீன் மார்க்கெட்டில் பூ கேட்பது மாதிரி. ஆனால் அந்த மனை ஒரு காலத்தில் துறைமுகத்துக்கோ ரயில்வேக்கோ கையகப்படுத்தப்பட்டதா என்ற சந்தேகம் இருந்தால், அங்கேதான் போக வேண்டும். துறையும் வருடமும் தெரிந்தால் அட்டவணையில் பிடித்துவிடலாம். நான் பார்த்த ஒரு கோப்பின் ஓரம் அப்பளம் போல நொறுங்கியது; பக்கத்தை மெதுவாகப் புரட்டுங்கள். அப்புறம், பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள்.