தில்லியில் ஆங்கில ஆனர்ஸ்: சேரும் முன் வீட்டில் செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை

கேள்வி: நாங்கள் தில்லி ஆர்.கே.புரத்தில் வசிக்கிறோம். என் மகள் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆனர்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் கான்வென்ட் பிள்ளைகளைப் போல அவளுக்குச் சரளமாகப் பேச வராது. “இந்தப் படிப்பில் சேர்ந்தால் ஆங்கிலம் தானாகச் சரியாகிவிடும்” என்கிறார் என் கணவர். படிப்பு அவளுக்குப் பொருந்துமா? எப்படிச் சேர்வது? படித்த பின் வேலை கிடைக்குமா?

பதில்: உங்கள் கணவரின் எதிர்பார்ப்பைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. ஆங்கில ஆனர்ஸ் என்பது ஆங்கிலம் கற்றுத்தரும் படிப்பு அன்று; ஆங்கிலம் ஓரளவு கைவசம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இலக்கியப் பிரதிகளை நுணுக்கமாக வாசிக்கவும் அவற்றைப் பற்றி ஆதாரத்தோடு வாதிட்டு எழுதவும் பயிற்றுவிக்கும் படிப்பு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நடப்பிலிருக்கும் பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட், அதாவது படிப்புச் சுமையை அளக்கும் அலகு. அதில் மூன்று முதன்மைத் தாள்களுக்கு 12 கிரெடிட் போக, மீதி பொதுத் தாள்களுக்கும் திறன் தாள்களுக்கும் உரியது. முதல் செமஸ்டரிலேயே இலக்கியக் கல்விக்கான அறிமுகம், ஐரோப்பியச் செவ்வியல் இலக்கியம், இந்தியச் செவ்வியல் இலக்கியம் ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. இரண்டாம் செமஸ்டரில் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு வரையிலான கவிதையையும் நாடகத்தையும் படித்தாக வேண்டும். இலக்கணப் பயிற்சியையோ பேச்சுப் பயிற்சியையோ நாடி வருபவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்துபோகிறார்கள்.

ஆகவே அவளுக்கு ஆங்கிலம் பேச வருமா என்பதைவிட, அவள் வாசிப்பவளா என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும். அதை அறிய மதிப்பெண் பட்டியல் அதிகம் உதவாது. பள்ளித் தேர்வில் வரும் பல கேள்விகளுக்கு வகுப்பில் எழுதிப்போட்ட விடையை நினைவில் வைத்திருந்தாலே போதும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் ஆங்கிலத் தாளோ பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதையும் சொல்வளத்தையும் பெரும்பாலும் சோதிக்கிறதே தவிர, இலக்கியத்தை வாசித்து வாதிட்டு எழுதும் திறனைச் சோதிப்பதில்லை. எனவே இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஒருவர் வகுப்பில் உட்கார்ந்த பிறகே தனக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்று கண்டுகொள்வது நடக்கக்கூடியதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அவள் இதற்கு முன் படித்திராத ஓர் ஆங்கிலச் சிறுகதையையோ இருபது வரிக் கவிதையையோ எடுத்துக் கொடுங்கள். கைபேசியையும் நோட்ஸையும் தள்ளி வைத்துவிட்டு இரண்டு மூன்று முறை வாசித்து, அது தன்னிடம் என்ன செய்தது, எந்த வரி அதைச் செய்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவை ஓராண்டில் திருந்தக்கூடியவை. கதைச் சுருக்கத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறாளா, அல்லது ஏதாவது ஒரு வரியைச் சுட்டி “இது இப்படிச் சொல்லப்பட்டதால் எனக்கு இப்படித் தோன்றியது” என்கிறாளா என்று மட்டும் பாருங்கள். சில வாரங்களில் நான்கைந்து முறை செய்த பிறகும் சுருக்கத்தைத் தாண்டவில்லை, அவளுக்கும் அது சலிப்பாக இருக்கிறது என்றால் வேறு பாடத்தை யோசிப்பது நல்லது. மாறாக, எழுதி முடித்த பின்னும் அந்தக் கதையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாள் என்றால், தயங்காமல் சேருங்கள்.

சரளமாகப் பேச வராதது குறித்த உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. பொதுவான சேர்க்கையில் நேர்காணல் கிடையாது என்பதால் அது சேர்வதற்குத் தடையாக இருக்காது. முதல் செமஸ்டரில் சரளமாகப் பேசும் பிள்ளைகள் வகுப்பை ஆக்கிரமித்துக்கொள்வார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் மதிப்பீட்டின் பெரும்பகுதி எழுத்தில் நடக்கிறது, எழுத்தில் உச்சரிப்புக்கு இடமில்லை. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஆங்கிலம் கான்வென்ட் பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அந்நியமானது. பழம்பாடலைச் சீர்பிரித்து, உரையின் துணையோடு பொருள் கண்டு பழகிய தமிழ் மாணவிக்கு, பழைய மொழியை அடிக்குறிப்போடு மெதுவாகப் படிப்பது புதிய பழக்கமே அன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் முந்தைய பாடத்திட்டத்தில் இந்தியச் செவ்வியல் இலக்கியத் தாளில், காளிதாசரின் சாகுந்தலத்தோடு சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டமும் ஆர். பார்த்தசாரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம்பெற்றிருந்தது. அத்தகைய பாடத்துக்கு மூலத்தைப் படித்துவிட்டு வருபவள் வகுப்பில் தாழ்ந்து உட்கார வேண்டியவள் அல்லள். தமிழை இத்தோடு விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

மொழியின் மீதே, அதாவது ஒலி, சொல்லமைப்பு, தொடரமைப்பு ஆகியவற்றின் மீதே அவளுக்கு ஆர்வம் என்றால் அது மொழியியல் என்னும் வேறு துறை. தில்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இரண்டிலும் அதற்கு எம்.ஏ. உண்டு, ஆங்கில ஆனர்ஸ் முடித்தும் அங்கே போகலாம்.

இனி வேலை. பி.ஏ. பட்டம் மட்டும் கையில் இருந்தால் நேரடியாக ஒரு வேலை காத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளி ஆசிரியராக விரும்பினால் பட்டத்துக்குப் பின் பி.எட். வேண்டும், மேல்நிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க எம்.ஏ.வும் சேர வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் பணிக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள் எம்.ஏ. இல்லாமலே நெட் எழுதி ஆய்வுப் படிப்புக்குப் போகலாம் என்று 2024இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிசெய்துள்ளது. மூன்றாண்டிலும் ஆனர்ஸ் பட்டத்தோடு வெளியேறலாம் என்பதால் அந்த முடிவை மூன்றாம் ஆண்டில் எடுத்தால் போதும். இவை தவிர சட்டம், இதழியல், பதிப்புத் துறை ஆகியவற்றுக்கும் இந்தப் படிப்பு நல்ல அடித்தளம். பதிப்புத் துறையைப் பொறுத்தவரை தில்லியில் இருப்பதே ஒரு வசதி: தரியாகஞ்சிலும் நொய்டாவிலும் குருகிராமிலும் பதிப்பகங்கள் குவிந்திருக்கின்றன. 1954இல் தொடங்கிய சாகித்திய அகாதெமி மண்டி ஹவுஸில் இருக்கிறது. அதன் நூலகத்துக்கு அவளை இப்போதே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். தமிழிலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் நமக்குப் போதவில்லை என்பது என் எண்ணம். அதிலிருந்து மட்டும் குடும்பம் நடத்த முடியாது, ஆனால் ஆசிரியப் பணியோடு சேர்ந்து மிக நன்றாக நடக்கும்.

புத்தகச் செலவை நினைத்து மலைக்க வேண்டாம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்த ஒரு நகலகத்தின் மீது மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது. கல்விக்காக அப்படி நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஏழை மாணவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நன்மை என்று எழுதும்போதே மனம் நிறைகிறது. நூலகத்தில் முழு நூலையும், கையில் நகலையும் வைத்துக்கொண்டு படிப்பதே வழக்கம். கடைகளில் விற்கும் வினா-விடை கைடுகளை மட்டும் முதல் ஆண்டிலேயே பழக்கிவிடாதீர்கள்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முழுவதும் க்யூட் மதிப்பெண்ணை வைத்துத்தான். 12ஆம் வகுப்பு மதிப்பெண் தகுதிக்கும், இருவர் சமநிலையில் வரும்போது முன்னுரிமைக்கும் மட்டுமே பயன்படும். ஆங்கில ஆனர்ஸுக்கு மொழித் தாளாக ஆங்கிலத்தை எழுதியே ஆக வேண்டும். துறைத் தாள்கள் 12ஆம் வகுப்பில் படித்த பாடங்களாக இருக்க வேண்டும். எந்தெந்தத் தாள்களைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதை, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அவ்வாண்டின் தகவல் ஏட்டில் பார்த்துவிடுங்கள்; விண்ணப்பத்தில் தாளைத் தவறவிட்டால் பிறகு எவராலும் உதவ முடியாது. தில்லியிலேயே ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்திலும் அம்பேத்கர் பல்கலைக்கழகத்திலும் ஆங்கில ஆனர்ஸ் இருக்கிறது. பின்னதில் 85 விழுக்காடு இடங்கள் தில்லிப் பகுதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. எங்கும் இடம் கிடைக்காவிட்டால், நுழைவுத் தேர்வே இல்லாத தில்லிப் பல்கலைக்கழகத் திறந்தநிலைக் கல்விப் பள்ளியும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் உள்ளன. ஆனால் இந்தப் படிப்பின் உயிர் வகுப்பு விவாதத்தில் இருப்பதால் அவற்றை நான் கடைசியில்தான் வைப்பேன்.

கல்லூரி விருப்ப வரிசையைத் தரும்போது, பெயர்பெற்ற கல்லூரியில் வேறு பாடம் என்பதைவிட, சாதாரணக் கல்லூரியில் ஆங்கில ஆனர்ஸ் என்பதை மேலே வையுங்கள். ஆர்.கே.புரத்திலிருந்து வடக்கு வளாகத்துக்கு மெட்ரோவில் ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஸ்ரீ வெங்கடேஸ்வரா, ஆத்மா ராம் சனாதன தர்மா போன்ற தெற்குக் கல்லூரிகள் பக்கம் என்பதால் வாசிக்க நேரம் மிஞ்சும். முதல் சுற்றில் எந்த இடம் ஒதுக்கப்பட்டாலும் கெடுவுக்குள் அதை ஏற்றுக்கொண்டு, மேல் விருப்பத்துக்கான ‘அப்கிரேட்’ வாய்ப்பைத் தேர்ந்துவிடுங்கள். ஏற்காமல் விட்டால் அடுத்த சுற்றுகளில் அவள் பெயர் வராது.