கார்பைனின் கலப்புப் பாகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அண்மையில் ஓர் எம்1 கார்பைன் (இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க ராணுவக் குட்டைத் துப்பாக்கி) வாங்கினேன். ரிசீவரில் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுவுடல்) இன்லாண்ட் ஆலையின் பெயரும், குழலில் அதே பெயருடன் 1943ஆம் ஆண்டும் உள்ளன. ஆனால் போல்ட்டில் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) அண்டர்வுட் ஆலையின் குறியெழுத்து, ஹேமரில் (சுடும் சுத்தி) வின்செஸ்டர் எழுத்து, முன்வளையத்தில் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் பிடிப்பு. ஆலையிலேயே பொருத்திய பாகங்களை எப்படி அடையாளம் காண்பது? போலி முத்திரைகள் புழங்குகின்றன என்கிறார்களே? இன்லாண்ட் பாகங்களாகத் தேடி வாங்கி மாற்றினால் மதிப்பு கூடும் என்று விற்றவர் சொன்னதால், ஒரு பழைய போல்ட்டும் வாங்கிவிட்டேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி இல்லாமலிருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். அந்தப் போல்ட்டைத் துப்பாக்கியில் மாட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், கழற்றிய அண்டர்வுட் போல்ட்டை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

போலி முத்திரைகளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அது பாகம் வாங்குகிறவனின் கவலை. நீங்கள் எதையும் வாங்கப்போவதில்லை. மதிப்பைப் பற்றி விற்றவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்1 கார்பைன் ஓர் ஆலையின் பிள்ளை அல்ல. 1941இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற இந்தத் துப்பாக்கி, 1945க்குள் அறுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பிரதான ஒப்பந்தக்காரர்கள் பத்துப் பேர். அவர்களில் வின்செஸ்டர் ஒன்றே பரம்பரைத் துப்பாக்கி ஆலை. இன்லாண்ட், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. அண்டர்வுட் தட்டச்சுப்பொறி செய்தது, ராக்-ஓலா இசைப்பெட்டி செய்தது, ஐ.பி.எம். அலுவலக எந்திரங்கள் செய்தது. குவாலிட்டி ஹார்டுவேர் ரிசீவரைச் செய்துகொண்டு, ஏனைய பாகங்களில் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்தே பெற்றது. இர்வின்-பெடர்சனின் ஒப்பந்தம் 1943இல் முறிந்தபோது, அது விட்ட வேலையை மற்றோர் ஒப்பந்தக்காரரான சாகினா முடித்துக் கொடுத்தது. ஓர் ஆலையில் பாகம் தீர்ந்து உற்பத்தி நின்றுவிடாதபடி, மற்றோர் ஆலையின் உபரியை அங்கே திருப்பிவிடுவதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்புக் குழு இயங்கியது. ஆகவே பிறந்த நாளன்றே வேற்றெழுத்துகளோடு வெளிவந்த கார்பைன்கள் உண்டு. எல்லாப் பாகத்திலும் ஒரே ஆலையின் எழுத்து இருந்தால்தான் அசல் என்ற எண்ணம் சேகரிப்பாளர்கள் பின்னாளில் வளர்த்துக்கொண்டது. ஆலைக்கு அது தெரியாது.

உங்கள் துப்பாக்கி அப்படியே ஆலையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. பயனெட் பிடிப்பு போர் முடியும் தறுவாயில் வந்தது. 1943ஆம் ஆண்டுக் குழலுடன் அது சேர்ந்திருக்கிறதென்றால், துப்பாக்கி பின்னர் ராணுவப் பட்டறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது என்றே பொருள். தொடக்கத்தில் பாதுகாப்பு விசை ஓர் அழுத்துப் பொத்தானாக இருந்தது. மேகசினை (தோட்டாப் பெட்டியை) விடுவிக்கும் பொத்தான் அதன் பக்கத்திலேயே இருந்ததால், சண்டைக்கு நடுவே சிப்பாய்கள் ஒன்றை நினைத்து மற்றொன்றை அழுத்த, மேகசின் கழன்று தரையில் விழுந்தது. அதனால்தான் திருப்பும் நெம்பு வந்தது. 150, 300 கெஜத்துக்கென இரண்டே துளை கொண்ட மடிப்புப் பின்சைட்டுக்கு (பின்பக்கக் குறிபார்ப்பான்) மாற்றாக, நகர்த்தித் திருத்தும் சைட் வந்தது. இந்த மாற்றங்களைச் செய்தவர்களும் அதே ராணுவத்தார்தான், கே. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சந்தையில் வாங்கிய பாகங்களை மாட்டி, ‘ஆலை அசல்’ என்று பெயர் வைப்பதற்குப் பெயர் மீட்பு அல்ல, பொய்ச் சாட்சி. கோபமாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் உங்களுடையதைப் போலவே ஒரு கார்பைன் இருந்தது. நான் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பி வாங்கினார். ஒரு குளிர்கால மாலையில் இருவரும் உட்கார்ந்து போல்ட், விசை, முன்வளையம் எல்லாவற்றையும் மாற்றினோம். கழற்றியவற்றை விற்று, வாங்கிய செலவில் பாதியை ஈடுகட்டினோம். பின்னர் அதைப் பார்க்க வந்த ஒரு முதியவர் எந்த எழுத்தையும் படிக்கவில்லை. குழலை விளக்கருகே சாய்த்து, முன்வளையத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக் காட்டினார். பயனெட் பிடிப்பின் கழுத்து இறுகப் பற்றியிருந்த இடத்தில், சாம்பல் பூச்சின் மேல் நகக்கீறல் அளவுக்கு ஒரு வளையத் தடம் இருந்தது. “இங்கே இருந்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். நண்பர் என்னைப் பார்த்தார். அவர் காலமாகிவிட்டார், அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்தபின், எழுத்துகளை விட்டுவிட்டு முதலில் நிறத்தைப் பாருங்கள். வெவ்வேறு இடங்களில் பூச்சேறிய பாகங்கள் கூடுமிடத்தில் சாயல் சற்றே மாறுபடும். எல்லாம் ஒரே சீரான சாம்பலாக இருந்தால், மொத்தமாக மறுபூச்சு பெற்றதாகச் சந்தேகிக்கலாம். பிறகு போல்ட்டின் காதுகளும் ரிசீவரும் உரசும் இடங்களைப் பாருங்கள். நெடுநாள் சேர்ந்து உழைத்தவை ஒன்றுக்கொன்று பொருந்தித் தேய்ந்திருக்கும். அதைப் போலியாகச் செய்வது எழுத்தைப் பொறிப்பதைவிடக் கடினம். குழலிலுள்ள தேதி குழல் செய்யப்பட்ட மாதத்தைச் சொல்வது, துப்பாக்கி கோத்த மாதத்தை அல்ல. எழுத்துகளைக் கடைசியில் குறித்துக்கொள்ளுங்கள்; பல பாகங்களில் இரண்டு எழுத்துகள் இருக்கும், ஒன்று பிரதான ஆலைக்கு, மற்றது அதற்குச் செய்து கொடுத்த கீழ் ஒப்பந்தக்காரருக்கு.

மரக்கட்டையில், எண்ணெய்க் குப்பியே தோள்வாரைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பள்ளம் இருக்கிறதே, குப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே எழுத்து ஏதும் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கட்டையின் வெளிப்புறத்திலும் ஆர்.ஐ.ஏ. அல்லது ஏ.ஏ. போன்ற மறுசீரமைப்பு முத்திரை மங்கலாக இருக்கக்கூடும். முன்னது ராக் ஐலண்டு, பின்னது அகஸ்டா படைக்கலச் சாலை. மணல்தாளோ புது எண்ணெயோ அதன்மேல் படவே கூடாது. என்ன தெரிகிறதென்று எனக்கு எழுதுங்கள். புதிதாக வாங்கிய போல்ட்டை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.