எலித் தாய்க்குப் பாசம் எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண்டியில் சாக்கை நகர்த்தினோம், அடியில் கண் திறக்காத எலிக்குட்டிகள். ஆட்கள் நிற்கும்போதே தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. எலிக்கு ஏது இவ்வளவு தைரியம்? (செவ்வாய்பேட்டை)

பால் கொடுக்கிற காலத்தில் பெண் எலிக்குப் பயம் நிஜமாகவே குறைந்துவிடும். புதிதாகப் பிறந்த குட்டிக்கு முடி இல்லை, உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. கூட்டுக்கு வெளியே கிடந்து குளிர்ந்தால் 40 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் கத்தும். நம் காது 20-க்கு மேல் கேட்காது, தாய்க்குத் தெளிவாகக் கேட்கும். நீங்கள் அமைதி என்று நினைத்த அந்த மண்டியில் அதன் காதுக்கு ஒரே கூச்சலாக இருந்திருக்கும்.

பிரசவம் ஆனதும் ஹார்மோன்கள் மாறிவிடுகின்றனவே, அப்புறம் தாயை இயக்குவது எது? (விலங்கியல் மாணவர், சேலம்)

தம்பி, இதில்தான் விஷயமே இருக்கிறது. எலிக்குக் கர்ப்பம் 21 முதல் 23 நாள். கடைசி ஓரிரு நாளில் கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் சரியும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் ஏறும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் எழும்பும், பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினும் பிரசவ நேரத்தில் மூளைக்குள்ளேயே வெளிவரும். இவையெல்லாம் வேலை செய்கிற முக்கிய இடம், மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸின் முன்புறத்தில் இருக்கும் மீடியல் பிரீஆப்டிக் பகுதி. அதைச் சேதப்படுத்தினால் தாய் குட்டிகளைத் தூக்கி வராது, கூடும் கட்டாது என்று 1974-இல் மைக்கேல் நியூமன் என்ற ஆய்வாளர் காட்டினார். அதற்கு முன்பே, 1968-இல், டெர்கெல், ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் புதிதாகக் குட்டி போட்ட எலியின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) குட்டியே போடாத கன்னி எலிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் தாய் மாதிரி நடந்துகொண்டது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1967-இல் ரோசன்பிளாட் செய்தது. குட்டியே போடாத எலியின் கூண்டில் தினமும் குட்டிகளை வைத்துக்கொண்டே வந்தார். முதலில் ஒதுங்கும், அந்த வாசனையே அதற்கு ஆகாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் நக்கும், தூக்கும், மேலே கவிந்து படுக்கும். பெண் ஹார்மோன்களைச் சுரக்கும் சினைப்பையை அகற்றிய எலிகளும் இப்படியே மாறின. அதாவது பேணுகிற நரம்புப் பாதை முன்பே அங்கே இருக்கிறது, பிரசவ ஹார்மோன்கள் அந்த ஒரு வாரக் காத்திருப்பை நீக்கி, குட்டி பிறந்த கணமே தாய் தயாராக இருக்கும்படி செய்கின்றன. அதற்குப் பிறகு குட்டிகளின் வாசனையும் தொடுதலுமே போதும். பிறந்ததும் பிரித்துவிட்டால் சில நாளில் அந்த நாட்டம் மங்கும். கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டால் நாள் கழித்துச் சேர்த்தாலும் பழையபடி பேணும்.

வீட்டில் வளர்க்கும் வெள்ளை எலி தன் குட்டியையே தின்றுவிட்டது, ஏன்? (ஆத்தூர்)

செத்த குட்டியையோ நோயுற்ற குட்டியையோ தின்பது சகஜம். அடிக்கடி கூண்டைத் திறப்பது, சத்தம், தண்ணீர்த் தட்டுப்பாடு இவையும் காரணமாகலாம். முதல் வாரம் கை வைக்காதீர்கள்.

எனக்கு சிசேரியன். குழந்தை இன்குபேட்டரில் இருந்தது. ஆக்சிடோசின் குறைந்து எனக்குப் பாசம் குறைந்துவிடுமா? (ஏற்காடு)

குறையாதும்மா. எலியின் கணக்கை மனுஷிக்கு அப்படியே போடக்கூடாது. பால் கொடுக்கும்போதும் ஆக்சிடோசின் சுரக்கும். தத்தெடுத்தவர்கள் பாசம் வைக்கவில்லையா? ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் கனத்து, அழுகை வந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஆண் எலி குட்டியைப் பார்த்துக்கொள்ளுமா? (ஓமலூர்)

பழகினால் பார்த்துக்கொள்ளும், ரோசன்பிளாட்டின் ஆய்வில் ஆண்களும் மாறின. ஆனால் பழகாத ஆண் குட்டியைக் கடித்துக் கொல்லவும் கூடும், அதனால் தனிக் கூண்டில் வையுங்கள்.