சார்ஜர் சிப்பில் 2 ஆம்பியர் எழுதியும் அரை ஆம்பியர்தான் ஏறுகிறது, ஏன்?

கேள்வி: நீலகிரியில், கேத்தி பாலாடாவில் உள்ள எங்கள் காரட் தோட்டத்துக்காக உறைபனி எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன். அதில் 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட இரண்டு 18650 லித்தியம் செல்கள் இணையாக உள்ளன. பிக்யூ25895 சிப் கொண்ட பலகை அவற்றைச் சார்ஜ் செய்கிறது. மோட்டார் ரூமில் இருக்கும் 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்து 0.5 சதுர மி.மீ. இரட்டை ஒயர் 8 மீட்டர் தூரம் வருகிறது. உள்ளீட்டு வரம்பை 2 ஆம்பியர் என்று நிரலில் எழுதினேன். திரும்பப் படித்தாலும் அதே எண்தான் வருகிறது. ஆனால் மீட்டர் 0.47 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. அதிகாலைக் குளிரில் சார்ஜ் ஆவதே நின்றுவிடுகிறது. சிப் பழுதாகிவிட்டதா? பலகையின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: சிப் பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்தச் சிப்பில் உள்ளீட்டு மின்னோட்டத்துக்கு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) நிரல் எழுதும் வரம்பு ஒன்று, ஐலிம் என்ற காலில் இணைக்கும் மின்தடை தரும் வரம்பு இன்னொன்று, உள்ளே வரும் மின்னழுத்தம் சரியும்போது சிப் தானே இறக்கிக்கொள்ளும் வரம்பு மூன்றாவது என்று மூன்று கடிவாளங்கள் உள்ளன. இவற்றில் எது சிறியதோ அதுவே செல்லும். நீங்கள் முதலாவதை மட்டும் தளர்த்தியிருக்கிறீர்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐலிம் காலிலிருந்து தரைக்குப் போகும் சிறிய மின்தடையின் முதுகில் 751 என்று அச்சிட்டிருக்கிறது. 75-க்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம், அதாவது 750 ஓம். இந்தச் சிப்புக்குரிய மாறிலியான 355-ஐ மின்தடையின் ஓம் மதிப்பால் வகுத்தால் வரம்பு ஆம்பியரில் கிடைக்கும். 355-ஐ 750-ஆல் வகுத்தால் 0.47. மாறிலி சிப்புக்குச் சிப் சற்று மாறுபடும் என்றாலும், உங்கள் மீட்டர் காட்டும் எண் இதுவேதான்.

ஆனால் இந்தப் பொருத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ரெஜிஸ்டரில் 500 மில்லி ஆம்பியர் என்று இருந்தாலும், அந்த அளவைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகச் சிப் சற்றுக் குறைத்தே எடுக்கும் என்பதால், அப்போதும் ஏறக்குறைய இதே அளவுதான் தெரியும். ஆகவே, சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையிலும் சிவப்பு முனையை அந்த 751-இன் மேல்முனையிலும் வைத்துப் பாருங்கள். 0.8 வோல்ட் இருந்தால் மின்தடைதான் பிடித்து நிறுத்துகிறது. அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் காரணம் வேறெங்கோ உள்ளது. ஒயரைத் தொடாமல் நிரலிலேயே சோதிக்கவும் வழி உண்டு. 2 ஆம்பியருக்கான எண் 38 (100 மில்லி ஆம்பியரில் தொடங்கி 50, 50-ஆக 38 படிகள்). அதோடு ஐலிம் காலை இயக்கும் பிட்டின் மதிப்பான 64-ஐக் கூட்டி நீங்கள் 102 என்று எழுதியிருப்பீர்கள். சோதனைக்காக வெறும் 38 எழுதி, மீட்டர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஏறினாலும் அந்தப் பிட்டை நிரந்தரமாக அணைத்து வைக்க நான் சொல்லமாட்டேன். நிரல் தடுமாறித் தவறான எண்ணை எழுதினாலும் அடாப்டரைக் காப்பாற்றுவது அந்த மின்தடைதான். அதைக் கழற்றிவிட்டு 240 ஓம் வையுங்கள். வரம்பு ஏறத்தாழ 1.5 ஆம்பியராகும், 2 ஆம்பியர் அடாப்டருக்கு மூச்சுவிட இடமும் இருக்கும்.

மின்தடையை மாற்றிய பிறகு எல்லாம் சரியாக ஓடும், அடுத்த முறை மின்சாரம் போய் வரும் வரை. ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுவது உங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் இந்தச் சிப் யூஎஸ்பியின் தரவுக் கம்பிகள் வழியாக எதிரே என்ன வகை அடாப்டர் இருக்கிறது என்று விசாரித்து, அதற்கேற்ற வரம்பைத் தானே ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறது. உங்கள் இரட்டை ஒயரில் தரவுக் கம்பியே இல்லை. விடை கிடைக்காத சிப் அடையாளம் தெரியாத அடாப்டர் என்று முடிவுகட்டி 500 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். நிரலின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் எழுதுகிற வழக்கம் இங்கே உதவாது. 02 என்ற எண்ணுள்ள ரெஜிஸ்டரின் வலது ஓரத்துக் கடைசிப் பிட்டை 0 ஆக்கி அந்தத் தானியங்கி விசாரணையை நிறுத்தலாம். அல்லது மின்சாரம் வந்ததாகச் சிப் தெரிவிக்கும் ஒவ்வொரு முறையும், விசாரணை முடிந்த பின் வரம்பை மறுபடி எழுதலாம். எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை.

இனி ஒயர். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.034 ஓம், போகவும் வரவும் 16 மீட்டருக்கு 0.55 ஓம். சுமை இல்லாதபோது உள்ள மின்னழுத்தத்தைவிட 0.6 வோல்ட் சரிந்ததுமே மின்னோட்டத்தைக் குறைப்பது இந்தச் சிப்பின் தொடக்க அமைப்பு. ஆகவே அந்த அமைப்பை மாற்றாதவரை, மின்னோட்ட வரம்பை எவ்வளவு எழுதினாலும், எந்த மின்தடையை வைத்தாலும், இந்த ஒயரில் 1.1 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 13 என்ற ரெஜிஸ்டரைப் படித்தால் இது கண்ணுக்குத் தெரியும்: இடது ஓரத்து முதல் பிட் 1 என்றால் மின்னழுத்தச் சரிவும், அடுத்த பிட் 1 என்றால் மின்னோட்ட வரம்பும் இழுத்துப் பிடிக்கின்றன என்று பொருள். 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் மின்தடை 0.18 ஓமாகக் குறையும், பிரச்சினை தீரும். மீட்டரையும் மோட்டார் ரூமில் வைத்துப் பார்க்காமல் கருவியின் பக்கம் கொண்டுவாருங்கள். அடாப்டர் வாயில் 5 வோல்ட் இருப்பது 8 மீட்டருக்கு அப்பால் எதையும் சொல்லாது.

உள்ளீட்டு மின்னோட்டமும் பேட்டரிக்குள் போகும் மின்னோட்டமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். இப்போது உள்ளே வரும் சுமார் 2.2 வாட்டில் இழப்புப் போக, பேட்டரிக்கு அரை ஆம்பியர் சொச்சம் கிடைக்கும். அதிலிருந்தே கருவியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. செல்கள் நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆவது அதனால்தான்.

அதிகாலையில் நிற்பது இந்த வரம்புகளோடு தொடர்பில்லாத வேறு சங்கதி. செல்லோடு ஒட்டியிருக்கும் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மாறும் மின்தடை) வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனதைச் சொல்ல, சிப் சார்ஜை நிறுத்துகிறது. அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் செல்லுக்குள் உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெடும். தெர்மிஸ்டரைக் கழற்றி அங்கே சாதாரண மின்தடையை வைத்துச் சிப்பை ஏமாற்றும் குறுக்கு வழி சமவெளியில் தப்பிக்கலாம். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் வெள்ளை படியும் உங்கள் தோட்டத்தில் வேண்டாம். பேட்டரியையும் சார்ஜர் பலகையையும் மோட்டார் ரூமுக்குள் மாற்றிவிட்டு, வெப்பமானியை மட்டும் வயலில் விட்டுவைத்தால், ஒயர் கணக்கும் இந்தக் குளிர்த் தொல்லையும் ஒருசேரத் தீரும்.